ரைஃபிள் பேரல் தேர்வு: குண்டிலிருந்து தொடங்குங்கள்

1955-இல் அமெரிக்கச் சந்தைக்கு இரண்டு புதிய தோட்டாக்கள் வந்தன. இரண்டிலும் குண்டின் விட்டம் ஒன்றுதான்: 0.243 அங்குலம், அதாவது 6 மி.மீ. என்று பொதுவாகச் சொல்லும் அளவு. ஒன்று .243 வின்செஸ்டர், இன்னொன்று .244 ரெமிங்டன். வெடிமருந்துக் கொள்ளளவைப் பார்த்தால் ரெமிங்டனுடையது கொஞ்சம் பெரியது. ஆனாலும் சந்தையில் படுத்தது அதுதான். குறை தோட்டாவில் இல்லை, பேரலில், அதாவது துப்பாக்கிக் குழலில் இருந்தது.

குண்டைச் சுழல வைக்கப் பேரலுக்குள் சுருளாகப் பள்ளங்கள் உண்டு. ரெமிங்டன் தன் ரைஃபிள்களில் அந்தச் சுருளுக்கு 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று முறுக்கு வைத்தது. தரை அணில் மாதிரி சிறு பிராணிகளைச் சுடுகிறவர்கள்தான் வாங்குவார்கள், அவர்களுக்கு 75, 90 கிரெயின் (ஒரு கிராமுக்குச் சுமார் 15 கிரெயின்) எடையுள்ள லேசான குண்டு போதும் என்று கணக்குப் போட்டார்கள். கனமான, நீளமான குண்டுக்கு அந்த மெதுவான முறுக்கு போதாது. வின்செஸ்டர் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று வைத்து, 100 கிரெயின் குண்டையும் சேர்த்து விற்றது. ஒரே துப்பாக்கியில் மானும் அடிக்கலாம் என்றதும் ஜனங்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். ரெமிங்டன் பிறகு முறுக்கை 9 அங்குலமாக மாற்றியது. 1963-இல் பெயரையே 6 மி.மீ. ரெமிங்டன் என்று மாற்றிப் பார்த்தது. விட்ட இடத்தைப் பிடிக்க முடியவில்லை.

பேரல் வாங்க யோசிக்கிற எவரும் முதலில் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் நீளத்திலிருந்து தொடங்குகிறார்கள்: 24 அங்குலமா, 26 அங்குலமா? அப்புறம் எஃகா, கார்பன் ஃபைபரா? அப்புறம் எந்தக் கம்பெனி? இதெல்லாம் நல்ல கேள்விகள்தான், ஆனால் முதல் கேள்விகள் அல்ல. எந்தக் குண்டை, எவ்வளவு தூரத்துக்கு, எதன்மேல் சுடப்போகிறோம் என்பது தெரிந்தால் மற்ற பதில்கள் பாதிக்கு மேல் தாமாகவே வந்துவிடும்.

இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. ஆகவே இங்கே வேட்டை பற்றிச் சொல்வதெல்லாம் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற, உரிமத்தோடு வேட்டையாட அனுமதி உள்ள நாடுகளுக்கானது. உதாரணங்களைப் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தே எடுக்கிறேன். இந்தத் துறையின் கடைகளும் பட்டறைகளும் போட்டிகளும் அங்கேதான் அதிகம். இன்னொன்று: இந்தக் கட்டுரையில் தோட்டா என்றால் பித்தளை உறை, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த முழுப் பொருள். குண்டு என்றால் அதன் முனையிலிருந்து பறந்துபோகும் பகுதி மட்டும்.

முறுக்கு

பேரலின் உட்சுவரில் சுருளாகச் செல்லும் பள்ளங்கள் இருக்கும். குண்டு அவற்றில் இறுகப் பதிந்து, சுழன்றுகொண்டே வெளியேறுகிறது. சுழற்சி இல்லாவிட்டால் நீளமான குண்டு காற்றில் புரண்டுவிடும். வேகமாகச் சுற்றும் பம்பரம் சாயாமல் நிற்கிறதல்லவா, அதே தத்துவத்தில்தான் குண்டும் மூக்கை முன்னால் வைத்துப் பறக்கிறது. பேரலுக்குள் ஒரு முழுச் சுற்றுக்கு எத்தனை அங்குலம் ஆகிறதோ அதுதான் முறுக்கு. 1:8 என்றால் 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அந்த எண் குறையக் குறைய முறுக்கு வேகமாகிறது. 1:8 பேரலிலிருந்து விநாடிக்கு 2,700 அடி வேகத்தில் கிளம்பும் குண்டு, நிமிடத்துக்கு 2,43,000 சுற்று என்ற கணக்கில் சுழல்கிறது.

எவ்வளவு முறுக்கு வேண்டும் என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது குண்டின் நீளம். கடையில் எல்லாரும் எடையை வைத்தே பேசுவார்கள். ஒரே விட்டத்தில் எடை கூடினால் நீளமும் கூடும் என்பதால் அந்தப் பேச்சு பெரும்பாலும் சரியாகவே வரும். ஆனால் மூல காரணம் நீளம்தான். இங்கிலாந்தில் வூல்விச்சில் பீரங்கிப் படை அதிகாரிகளுக்குக் கணிதம் கற்பித்த ஜார்ஜ் கிரீன்ஹில் 1879-இல் இதற்கு ஒரு சுருக்கமான கணக்குக் கொடுத்தார். குண்டின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, 150-ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால் முறுக்கு கிடைக்கும். எல்லாம் அங்குலத்தில். வேகம் 2,800 அடிக்கு மேல் என்றால் 150-க்குப் பதில் 180 போடுவது வழக்கம்.

போட்டுப் பார்க்கலாம். .308 வின்செஸ்டர் தோட்டாவில் பல காலமாகக் குறிசுடுதலுக்குப் பெயர்போனது 168 கிரெயின் குண்டு. அதன் நீளம் சுமார் 1.2 அங்குலம். விட்டமான 0.308-ஐ அதே எண்ணால் பெருக்கினால் 0.0949. அதை 150-ஆல் பெருக்கினால் 14.2. அதை 1.2-ஆல் வகுத்தால் 11.9. ஆக, .308 ரைஃபிள்கள் பல ஆண்டுகளாக 1:12 முறுக்கோடு வந்ததில் ஆச்சரியமில்லை. இப்போது 6 மி.மீ.க்கு வருவோம். இன்றைய நீண்ட தூரப் போட்டிகளில் ஓடுகிற 105 கிரெயின் குண்டு சுமார் 1.25 அங்குலம் நீளம். அதே கணக்கை 180 வைத்துப் போட்டால் 8.5 வருகிறது. 1955-இல் ஜெயித்த வின்செஸ்டரின் 1:10 முறுக்கே இந்தக் குண்டுக்குப் போதாது. அதனால்தான் இன்று 6 மி.மீ. போட்டிப் பேரல் கேட்பவர்கள் 1:8 அல்லது 1:7.5 கேட்கிறார்கள். பழைய .243 ரைஃபிள் ஒன்றை மலிவாக வாங்கி, அதில் நீண்ட போட்டிக் குண்டைப் போட்டுச் சுட்டால் இலக்கு அட்டையில் தெரிந்துவிடும். வட்டமான ஓட்டைக்குப் பதில் சாவித் துவாரம் மாதிரி நீளமாகக் கிழிந்திருக்கும். குண்டு பக்கவாட்டில் விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

கிரீன்ஹில் கணக்கு ஒரு நல்ல தொடக்கம், அவ்வளவே. வேகம், காற்றின் வெப்பநிலை, அழுத்தம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கும் சூத்திரத்தை டான் மில்லர் 2005-இல் வெளியிட்டார். குண்டுக் கம்பெனிகளின் தளங்களில் உள்ள கணிப்பான்கள் பெரும்பாலும் அதைத்தான் பயன்படுத்துகின்றன. அதில் வரும் நிலைத்தன்மை எண் 1.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிம்மதி. 1-க்குக் கீழே போனால் குண்டு புரளும். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் குண்டு நேராகப் போவதுபோலத்தான் இருக்கும், ஆனால் மெல்ல ஆடிக்கொண்டே போவதால் காற்றுத்தடை கூடி, தூரத்தில் வேகத்தை இழக்கும். 100 கெஜத்தில் மட்டும் சோதித்தால் இது கண்ணில் படாது.

குளிரும் ஒரு விஷயம். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதில் குண்டை நேராக வைத்திருக்க அதிகச் சுழற்சி தேவை. அமெரிக்க ராணுவத்தின் எம்16 துப்பாக்கி முதலில் 1:14 முறுக்கோடு வந்தது. கடும் குளிர்ச் சோதனையில் குண்டுகள் சரியாக நிலைக்காததால் 1:12 ஆக மாற்றினார்கள். நவம்பர் மாதப் பனியில் மான் தேடிப் போகிறவருக்கும் இது பொருந்தும். கோடையில் மைதானத்தில் சரியாக இருந்த எண்ணைக் கொஞ்சம் இடைவெளி விட்டே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வேட்டைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு மாற்றம் செப்புக் குண்டு. ஈயக் குண்டின் துணுக்குகளைத் தின்று காண்டர் கழுகுகள் செத்ததால், கலிபோர்னியா மாநிலம் 2019 ஜூலை 1 முதல் எல்லா வேட்டைக்கும் ஈயக் குண்டைத் தடை செய்துவிட்டது. செம்பு ஈயத்தைவிட லேசானது. அதே எடைக்குச் செப்புக் குண்டு நீளமாக இருக்கும். நீளம் கூடினால் முறுக்கும் வேகமாக வேண்டும். தாத்தா காலத்துப் பேரலில் 150 கிரெயின் ஈயக் குண்டு அழகாக ஓடியது என்பதற்காக 150 கிரெயின் செப்புக் குண்டும் ஓடிவிடும் என்று நம்பக் கூடாது. புதிதாகப் பேரல் போடுகிறவர்களுக்கு என் யோசனை, சந்தேகம் வந்தால் வேகமான முறுக்குப் பக்கம் சாயுங்கள். மெல்லிய உறை கொண்ட லேசான குண்டுகளை மிக வேகமான முறுக்கில் சுட்டால் அவை பறக்கும்போதே சிதறலாம் என்பது உண்மை. ஆனால் மான் வேட்டைக்கும் தூரக் குறிக்கும் அந்த வகைக் குண்டு யாரும் எடுப்பதில்லை.

நீளம்

நீளம் கூடினால் மருந்தின் வாயு குண்டை இன்னும் கொஞ்ச நேரம் தள்ளும், வேகம் கூடும். .308-இல் ஓர் அங்குலத்துக்கு விநாடிக்கு 20 முதல் 25 அடி என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். மருந்து அதிகம் பிடிக்கும் மேக்னம் தோட்டாக்களில் இதைவிடக் கூடுதல். அப்படியானால் 24 அங்குலத்திலிருந்து 20-க்கு இறங்கினால் .308 இழப்பது 80 முதல் 100 அடி. 300 கெஜத்தில் மான் சுடுகிறவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. 1,000 கெஜத்தில் இலக்கு அட்டையைச் சுடுகிறவருக்கு இது நிறைய.

ஏன் நிறைய என்பதற்குப் பால்மா போட்டி நல்ல சாட்சி. 1876-இல் நியூயார்க்கின் கிரீட்மோர் மைதானத்தில் தொடங்கிய போட்டி அது. இன்று 800, 900, 1,000 கெஜத் தூரங்களில், தொலைநோக்கி இல்லாத பார்வைக் கருவியோடு, .308-இல் 155 கிரெயின் குண்டை வைத்துச் சுடுகிறார்கள். அந்த லேசான குண்டு 1,000 கெஜத்தைத் தொடும்போதும் ஒலியின் வேகத்தைவிட வேகமாகப் போய்க்கொண்டிருக்க வேண்டும். ஒலி வேகத்துக்குக் கீழே இறங்கும் கட்டத்தில் குண்டு தடுமாறும். அதற்காகத்தான் பால்மா ரைஃபிள்களில் 30 அங்குலப் பேரல் சாதாரணம். குண்டு குட்டையானது என்பதால் முறுக்கு 1:13 போதுமென்று வைப்பவர்கள் உண்டு. நீளம், முறுக்கு இரண்டுமே குண்டிலிருந்து வந்ததைப் பாருங்கள்.

காட்டுக்குள் 30 அங்குலப் பேரலோடு நடப்பது நடக்கிற காரியம் இல்லை. புதரில் மாட்டும், காரிலிருந்து எடுக்கும்போது இடிக்கும். முனையில் சத்தம் குறைக்கும் சைலன்சர் மாட்டுகிறவர்கள் இன்னும் ஏழெட்டு அங்குலம் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். நியூசிலாந்திலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் வேட்டைக்கு சைலன்சர் சாதாரணமாகிவிட்டதால், அங்கே 18, 20 அங்குலப் பேரல்கள் பழகிப்போய்விட்டன. குறைந்தபட்ச நீளத்துக்குச் சட்டமும் உண்டு. அமெரிக்காவில் 16 அங்குலத்துக்குக் குறைவான ரைஃபிள் பேரலுக்குத் தனிப் பதிவு விதிகள் இருக்கின்றன.

தடிமன், எடை, சூடு

இங்கேதான் வேட்டையும் போட்டியும் நிஜமாகவே பிரிகின்றன. பேரல் ஒவ்வொரு சுடுதலிலும் அதிர்கிறது, வளைகிறது. அதன் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடுகிறது, நீளத்தின் மூன்றாம் அடுக்கில் குறைகிறது. ஒரே தடிமனில் 26 அங்குலப் பேரலைவிட 20 அங்குலப் பேரல் இரண்டு மடங்குக்கு மேல் விறைப்பானது. குட்டையாக்கினால் துல்லியம் போய்விடும் என்று பயப்படத் தேவையில்லை. போவது வேகம்தான்.

போட்டிப் பேரல் தடிமனாக இருப்பதற்குச் சூடும் ஒரு பெரிய காரணம். அமெரிக்காவின் பிரிசிஷன் ரைஃபிள் சீரிஸ் வகைப் போட்டிகளில் ஒன்றரை, இரண்டு நிமிடத்துக்குள் பத்துக் குண்டுவரை சுட வேண்டியிருக்கும். மெல்லிய பேரல் அதற்குள் கை வைக்க முடியாத அளவு சூடாகி, குண்டு விழும் இடம் நகர ஆரம்பிக்கும். தடித்த பேரலுக்குச் சூட்டை உள்வாங்க இரும்பு அதிகம். அதோடு எடை கூடினால் உதையும் குறைகிறது, துப்பாக்கி அசையாமல் இருக்கிறது, குண்டு எங்கே விழுந்தது என்று தொலைநோக்கியிலேயே பார்க்க முடிகிறது. பேரல் மட்டுமே இரண்டரை, மூன்று கிலோ வந்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை.

மலையில் நாள் முழுக்க நடந்து எல்க் என்ற பெரிய மானைத் தேடுகிறவர் அந்த எடையைச் சுமக்க முடியாது, சுமக்கவும் வேண்டாம். அவர் சுடப்போவது ஒன்று, மிஞ்சிப்போனால் மூன்று. அவருக்கு வேண்டியது, ராத்திரி முழுக்க குளிரில் கிடந்த பேரலிலிருந்து போகும் முதல் குண்டு சொன்ன இடத்தில் விழ வேண்டும் என்பது. ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ எடையுள்ள மெல்லிய எஃகுப் பேரல் அதைத் தாராளமாகச் செய்யும். ஒரு விலங்கின் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில், எட்டாவது குண்டு எவ்வளவு நெருக்கமாக விழுகிறது என்று பெருமைப்படுவதில் பொருளில்லை. முதல் குண்டு தப்பிக் காயம்பட்டு ஓடுகிற மான் மணிக்கணக்கில் வலியோடு சாகும். வேட்டைப் பேரலைச் சோதிக்கும்போது இதை மனதில் வைத்துச் சோதிக்க வேண்டும்.

இரண்டுக்கும் ஒரே ரைஃபிள் வேண்டும் என்கிறவர்களுக்கு நடுத்தர வழி இரண்டு. நீளவாக்கில் பள்ளம் எடுத்த பேரல் ஒன்று. அதே எடையுள்ள சாதாரணப் பேரலைவிட அது விறைப்பானது. ஆனால் அதே விட்டமுள்ள பள்ளமில்லாப் பேரலைவிட விறைப்புக் குறைந்தது. விளம்பரங்கள் முதல் பாதியை மட்டும் சொல்லும். இரண்டாவது, மெல்லிய எஃகுக் குழல்மேல் கார்பன் ஃபைபர் சுற்றிய பேரல். தடித்த பேரலின் விறைப்பை மெல்லிய பேரலின் எடைக்குப் பக்கத்தில் கொடுக்கும், விலைதான் எஃகைவிட இரண்டு மடங்கு வரை போகும். நல்ல நடுத்தரத் தடிமனில் 22 அல்லது 24 அங்குல எஃகுப் பேரலை எடுத்துவிட்டு, மிச்சமான பணத்தில் தோட்டா வாங்கிப் பயிற்சி எடுப்பதே புதியவருக்கு நல்லது என்பது என் கருத்து.

எஃகும் செய்முறையும்

இதில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. போட்டிப் பேரல்கள் பெரும்பாலும் 416ஆர் என்னும் துருவேறா எஃகு. வேட்டை, ராணுவப் பேரல்களில் குரோம்-மாலி எஃகும் உண்டு, இரண்டிலும் நன்றாகச் சுடலாம். பள்ளத்தை ஒரு சிறு வெட்டுக்கருவியால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுவது ஒரு முறை. விஸ்கான்சினில் உள்ள கிரீகர், பார்ட்லைன் பட்டறைகள் இதற்குப் பேர்போனவை. பட்டன் எனப்படும் கடினமான உலோகக் கருவியை உள்ளே இழுத்துப் பள்ளத்தை அழுத்தி உண்டாக்குவது இன்னொன்று. டெக்சாஸின் ஷைலன், மொன்டானாவின் லில்யா இந்த வழி. ஒரு தண்டின்மேல் குழலை வைத்து வெளியிலிருந்து சுத்தியல்களால் அடித்து உருவாக்குவது மூன்றாவது. ஃபின்லாந்தின் டிக்கா போன்ற தொழிற்சாலை ரைஃபிள்களில் இதுதான், அவை கடையிலிருந்து எடுத்த அன்றே அருமையாகச் சுடும். மூன்று வழியிலும் உலகத்தரப் பேரல் வந்திருக்கிறது. முறையைவிட அதைச் செய்கிற பட்டறையின் கவனம் பெரிது.

ஆயுள்

பேரல் தேய்கிற பொருள். தோட்டா அறைக்கு அடுத்து பள்ளங்கள் தொடங்கும் இடத்தை மருந்தின் சூடான வாயு ஒவ்வொரு தடவையும் தின்கிறது. முதலில் நுண்ணிய வெடிப்புகள், பிறகு பள்ளத்தின் தொடக்கமே முன்னால் தள்ளிப்போகும், கடைசியில் குண்டுகள் சிதறி விழும். சிறிய துவாரத்தின் வழியே நிறைய மருந்து எரிந்தால் தேய்மானம் சீக்கிரம். தோராயமாக, .308 ஐயாயிரம் குண்டு வரை தாக்குப்பிடிக்கும். 6.5 கிரீட்மோர் என்ற தோட்டாவுக்கு இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம். 6 மி.மீ. போட்டித் தோட்டாக்களும் .300 வின்செஸ்டர் மேக்னமும் ஆயிரத்து ஐந்நூறு வாக்கில் தளர ஆரம்பிக்கும். வேகமாகச் சுட்டுச் சூடேற்றினால் எல்லாமே குறையும்.

வருடத்துக்கு ஒரு பெட்டி, இரண்டு பெட்டி சுடும் வேட்டைக்காரருக்கு எந்தத் தோட்டாவானாலும் பேரல் அவர் ஆயுள் முழுக்க வரும். வாரா வாரம் மைதானத்துக்குப் போகிறவருக்குப் பேரல் ஒரு தொடர் செலவு. புதியவர்களுக்கு 6.5 கிரீட்மோர் அல்லது .308-ஐச் சொல்வதற்கு இந்த ஆயுளும் ஒரு காரணம். 2007-இல் வந்த 6.5 கிரீட்மோருக்கு 1:8 முறுக்கு ஆரம்பத்திலிருந்தே வழக்கமாகிவிட்டது, 140 கிரெயின் நீளக் குண்டுகளை மனதில் வைத்தே உருவாக்கினார்கள். எந்தப் பேரலை எடுத்தாலும் குண்டுக்குப் பொருந்துமா என்ற கவலை அதில் மிகக் குறைவு. 24 அங்குலம், 1:8, நடுத்தரத் தடிமன் என்று எடுத்தால் மானுக்கும் போகலாம், 1,000 கெஜ மைதானத்துக்கும் போகலாம்.

பொருத்துவதும் சோதிப்பதும்

எவ்வளவு நல்ல பேரலும் சரியாகப் பொருத்தாவிட்டால் வீண். அறை பேரலின் நடுக்கோட்டில் வெட்டப்பட்டிருக்க வேண்டும், வாய் விளிம்பில் ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது, முன்கட்டையில் பேரல் எங்கும் உரசக் கூடாது. ஒரு காகிதத் துண்டை பேரலுக்கும் கட்டைக்கும் நடுவில் விட்டு இழுத்துப் பாருங்கள், தடையில்லாமல் அறை வரைக்கும் போக வேண்டும். சாவேஜ் ரைஃபிள்களில் பேரலை இறுக்கத் தனி நட் இருப்பதால் வீட்டிலேயே மாற்றுகிறவர்கள் உண்டு. மற்றவற்றுக்கு அனுபவமுள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுப்பதே சரி. யார் செய்தாலும் தோட்டா அறையின் ஆழத்தை அளவுகோல்களால் சரிபார்த்தே ஆகவேண்டும். கோ என்ற அளவுகோல்மேல் போல்ட் (அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் பகுதி) மூட வேண்டும், நோ-கோ மேல் மூடக் கூடாது. மூடினால் அந்த ரைஃபிளைச் சுடக் கூடாது. உறை கிழிந்து வாயு பின்பக்கமாக முகத்தை நோக்கி வரும் ஆபத்து அது.

சோதிக்கும்போது மூன்று குண்டு சுட்டு, நெருக்கமாக விழுந்ததைப் படம் எடுத்து மகிழ்வது எல்லோரும் செய்வதுதான். மூன்று குண்டு தற்செயலாகவும் நெருங்கி விழும். பத்துக் குண்டு சுட்டுப் பாருங்கள், பேரலின் உண்மையான குணம் அதில்தான் தெரியும். வேட்டைப் பேரலுக்கு வேறு மாதிரி செய்யலாம். வெவ்வேறு நாள்களில், பேரல் முழுக்க ஆறியபின், வேட்டைக்கு எடுத்துப்போகும் அதே குண்டால், ஒரே அட்டையில் நாளுக்கு ஒரு குண்டு மட்டும் சுடுங்கள். பத்து நாளுக்குப் பின் அந்த அட்டையில் ஓட்டைகள் எவ்வளவு பரவியிருக்கின்றனவோ, அதை வைத்து எத்தனை கெஜத்துக்கு மேல் விலங்கின்மேல் சுடக் கூடாது என்ற எல்லையைப் போட்டுக்கொள்ளலாம். 100 கெஜத்தில் 2 அங்குலம் பரவினால் 300-இல் குறைந்தது 6 அங்குலம் பரவும். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி சுமார் 8 அங்குல அகலம்தான். காற்றும் நம் கை நடுக்கமும் இதற்கு மேல்.